தோலுக்கு ரத்தம் வரும் வழி: ஆழத்திலிருந்து மேற்பரப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தோலின் ரத்த நாளங்களைப் பாடநூல்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே காட்டுகின்றன. முதலில் மேற்தோல், அதன் கீழ் அடித்தோல், அதற்கும் கீழே கொழுப்பு, கடைசியில் எங்கிருந்தோ வந்து நிற்கும் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பாடமே இருக்கிறது. ரத்தம் கீழிருந்து மேலே ஏறுகிறது. படிப்பும் அதே திசையில் போனால், இடம் மாற்றித் தைத்த தோல் ஏன் பிழைக்கிறது, படுக்கைப் புண் ஏன் உள்ளுக்குள்ளேயே தொடங்குகிறது, சர்க்கரை நோயாளியின் குதிகால் ஏன் ஆற மறுக்கிறது என்பதெல்லாம் ஒரே சரடில் கோத்துக்கொள்ளும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்றாகப் பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டத்தில் மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி படிக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைக் கவனித்துக்கொள்பவர்கள் கடைசிப் படியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

படி 1: தமனி ஆழத்திலிருந்து வெளியேறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பெருந்தமனிகள் எலும்பை ஒட்டி, தசைகளுக்கு நடுவே பாதுகாப்பாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து தோலுக்குக் கிளை வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு தசைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சவ்வின் வழியாக நேராக மேலே வருவது. முன்கையில் ரேடியல் தமனியின் கிளைகள் இப்படித்தான் வருகின்றன. மற்றொன்று, தசையையே துளைத்துக்கொண்டு, அதற்கும் ஊட்டம் கொடுத்துவிட்டுத் தோலுக்கு வருவது. தொப்புளைச் சுற்றியுள்ள வயிற்றுத் தோலுக்கு வரும் முக்கியமான கிளைகள் நேர்வயிற்றுத் தசையைத் துளைத்து வருபவை.

எந்த வழியாக வந்தாலும், தசையைப் போர்த்தியிருக்கும் உறுதியான ஆழ்படலத்தை ஒரு புள்ளியில் துளைத்தாக வேண்டும். அதனால்தான் அறுவை மருத்துவர்கள் இவற்றைப் பர்ஃபரேட்டர் என்கிறார்கள். நாம் துளைத்தமனி என்போம். மேலே பரவும் கிளைகளைவிட இந்தத் துளைப்புள்ளிகளை நினைவில் வைப்பதே முக்கியம்.

இவற்றை நினைவில் வைக்க ஒரு நல்ல விதி உண்டு. தோல் அடியோடு இறுகக் கட்டுண்டிருக்கும் இடத்தில் துளைத்தமனி வெளிவரும். தோல் தளர்வாக அசையும் இடத்தை நோக்கி நீளும். உங்கள் மார்பெலும்பின் ஓரத்தில் தோலைக் கிள்ளிப் பாருங்கள், எளிதில் எழாது. தோள்பட்டைக்குக் கீழே கிள்ளினால் தாராளமாக எழும். உள்மார்புத் தமனியின் துளைக்கிளைகள் மார்பெலும்பின் ஓரத்தில் விலா இடைவெளிகள் வழியாக வெளிவந்து தோள் பக்கமாக ஓடுகின்றன. அறுவை மருத்துவர் பாக்கம்ஜியான் 1965-இல் விவரித்த மார்பு–தோள் ஃபிளாப் (ஃபிளாப் என்பது தன் ரத்த நாளத்தோடு தூக்கி இடம் மாற்றும் தோல்), தொண்டைப் புற்றுநோய் அறுவையில் பெரும் உதவியாக இருந்ததற்கு இந்த அமைப்பே காரணம். அடிப்பகுதியை மார்பெலும்பின் பக்கம் விட்டுவைத்து, தோள்முனை வரை தோலைத் தூக்கிக் கழுத்துக்குத் திருப்பினார்கள்.

அதனால் தமனிகளின் படத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் உங்கள் உடம்பைக் கிள்ளிப் பழகுங்கள். முதுகின் நடுக்கோடு, இடுப்பு மடிப்பு, முழங்காலின் ஓரம் என எங்கே தோல் அசையவில்லை என்று குறித்துக்கொண்டு, பிறகு படத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்திவரும்.

படி 2: தோலின் உட்புறத்தைக் கண்ணால் பாருங்கள்

துளைத்தமனி ஆழ்படலத்தைக் கடந்ததும் அதன் மேல் ஒரு வலையைப் பின்னுகிறது. பிறகு கொழுப்புக்குள் ஏறி, அடித்தோலின் அடிப்புறத்தில் இன்னொரு வலையாக விரிகிறது. இந்த இரண்டாவதுதான் தோலடி வலை. தோலின் உயிர் பெருமளவு இதை நம்பியே இருக்கிறது. அறுவையில் கொழுப்பை எவ்வளவு சீவலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற முடிவும் இந்த வலையைக் காப்பாற்றுவதைப் பொறுத்ததே.

இந்த வலையைப் பார்க்க நம் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். மெருகேற்றாத ஆட்டுத்தோல் துண்டு ஒன்று கிடைத்தால், உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சில துண்டுகளில் கிளைகிளையாகப் பிரியும் நாளங்களின் தடம் தெரியும். அறுத்த விலங்கிலிருந்து ரத்தம் முழுமையாக வடியாவிட்டாலும், உரித்த தோலை உப்பிடத் தாமதமானாலும் இந்தத் தடம் அதிகமாகத் தெரியும். தோல் வியாபாரத்தில் அது குறை. உடற்கூறு படிப்பவருக்குக் கிடைத்த படம். இறைச்சிக் கடையில் அப்போதுதான் உரித்த தோலில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்.

ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். ஆடு, நாய், முயல் போன்றவற்றின் தோலுக்கு அடியில் தோலையே அசைக்கும் மெல்லிய தசைத் தகடு இருக்கிறது. ஈயை விரட்ட மாடு தோலைச் சிலிர்க்கிறதே, அந்தத் தசைதான். அவற்றின் தளர்ந்த தோலில் நேரடித் தமனிகள் நீண்ட தொலைவு ஓடுகின்றன. மனிதனுக்கு அந்தத் தகடு பெரும்பாலும் இல்லை; கழுத்தின் முன்புறத்துத் தசை அதன் எச்சம். அதனால் விலங்குத் தோலில் செய்த ஆய்வின் முடிவை அப்படியே மனிதத் தோலுக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது.

படி 3: அடித்தோலுக்குள் ஏறுங்கள்

அடித்தோலில் இரண்டு கிடைவலைகள் உள்ளன. கீழ்வலை, அடித்தோலும் கொழுப்பும் சேரும் இடத்தில் இருந்துகொண்டு முடியின் வேர்களுக்கும் வியர்வைச் சுரப்பிகளுக்கும் ஊட்டம் தருகிறது. மேல்வலை, மேற்பரப்பிலிருந்து சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இரண்டையும் செங்குத்தான நுண்தமனிகளும் நுண்சிரைகளும் இணைக்கின்றன. மேல்வலையிலிருந்து அடித்தோலின் ஒவ்வொரு சிறு மேட்டுக்குள்ளும் ஒரு தந்துகி வளைவு ஏறி, திரும்பி இறங்குகிறது. அதற்கு மேலே நாளமே கிடையாது. மேற்தோல் முழுவதும் கீழிருந்து கசியும் ஊட்டத்தில்தான் வாழ்கிறது. லேசான சிராய்ப்பில் ரத்தம் வராததும் இதனால்தான்.

இந்த வளைவுகளை உயிருள்ள மனிதரிடம் பார்க்கச் சிறந்த இடம் நகத்தின் அடிமடிப்பு. மற்ற இடங்களில் வளைவு செங்குத்தாக நிற்பதால் நுனி மட்டும் புள்ளியாகத் தெரியும். நகமடிப்பில் அது படுத்துக் கிடப்பதால் முழு வளைவும் தெரியும். ஒரு துளி தெளிந்த எண்ணெய் வைத்து, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பில் பாருங்கள். மோதிர விரல் வசதியானது. கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியது போன்ற அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டால், தோல் இறுகித் தடிக்கும் ஸ்க்ளிரோடெர்மா நோயாளியின் நகமடிப்பில் வளைவுகள் வீங்கியும் குறைந்தும் இருப்பதை அடையாளம் காண்பது கடினமாக இருக்காது.

தீக்காய வார்டில் இந்த அடுக்குகளை இன்னொரு விதமாகப் படிக்கலாம். ஒட்டுக்காகத் தொடையிலிருந்து தோலை மெல்லியதாகச் சீவினால், நெருக்கமான சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் எழும். கத்தி மேல்வலைக்கு அருகிலேயே போயிருக்கிறது என்று பொருள். சற்றுத் தடிமனாகச் சீவினால் புள்ளிகள் குறையும், ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். கத்தி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு அந்தப் புள்ளிகளே சாட்சி. சீவிய ஒட்டு முதல் ஓரிரு நாள் புதிய இடத்தின் நீர்க்கசிவை உறிஞ்சிப் பிழைத்திருக்கும். அதன் பிறகு அடியிலுள்ள நாளங்களும் ஒட்டின் நாளங்களும் வாயோடு வாய் சேரும். அடியில் ரத்தம் சேர்ந்தாலோ ஒட்டு நகர்ந்தாலோ அந்தச் சேர்க்கை நடக்காது. கட்டை இறுக்கமாக, அசையாமல் போடச் சொல்வது இதற்காகத்தான்.

படி 4: எல்லைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த அறிவு மெதுவாகச் சேர்ந்தது. 1889-இல் கார்ல் மான்கோ எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலத்தில், வெறும் கத்தியையும் கண்ணையும் நம்பித் தோல் தமனிகளின் பரப்புகளை வரைந்தார். 1936-இல் மிஷேல் சால்மோன் எக்ஸ்ரேயில் தெரியும் கலவையைத் தமனிகளில் செலுத்திப் படமெடுத்து அதை விரிவாக்கினார். 1987-இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லரும் பாமரும், 0.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பருமனுள்ள துளைத்தமனிகள் ஓர் உடலில் சராசரியாக 374 இருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஒரு மூலத்தமனி எலும்பிலிருந்து தோல் வரை ஊட்டும் முப்பரிமாணப் பகுதியை ஆஞ்சியோசோம் என்று பெயரிட்டு, அத்தகைய 40 பகுதிகளை வரையறுத்தார்கள்.

நம் ஏரிப்பாசனம் தெரிந்தவருக்கு இது எளிது. காவேரிப்பாக்கம் ஏரியின் ஒவ்வொரு மதகுக்கும் ஓர் ஆயக்கட்டு இருப்பது போல ஒவ்வொரு மூலத்தமனிக்கும் ஒரு பரப்பு இருக்கிறது. பக்கத்துப் பரப்போடு அதை இணைக்கும் வாய்க்கால்களும் உண்டு, ஆனால் அவை குறுகலானவை. டெய்லர் அவற்றைக் குறுகிணைப்பு நாளங்களாகக் காட்டினார். ஒரு பக்கம் ரத்தம் நின்றால் இவை மெதுவாக விரிந்து பக்கத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும். அந்த விரிவு பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் நடக்கிறது. அதனால்தான் நீண்ட ஃபிளாப் தேவைப்படும்போது முதல்நாள் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு, சில நாள் பொறுத்து முழுமையாகத் தூக்கும் முறை இருக்கிறது. பொதுவாக, ஒரு பரப்பையும் அதை அடுத்த பரப்பையும் ஒரே தமனியில் தூக்கலாம். அதற்கும் அப்பாலுள்ள மூன்றாவது பரப்பின் நுனி கறுத்துப்போகும் ஆபத்து அதிகம்.

ஒரு பழைய தவறான நம்பிக்கையை இங்கே களைந்துவிட வேண்டும். ஃபிளாப்பின் அகலத்தைக் கூட்டினால் நீளத்தையும் கூட்டலாம் என்று நீண்ட காலம் கற்பித்தார்கள். 1970-இல் மில்டன் பன்றித்தோலில் சோதித்து இதைப் பொய் என்று காட்டினார். உயிர் பிழைக்கும் நீளத்தை முடிவு செய்வது, அடிப்பகுதியில் எந்த நாளம் அடங்கியிருக்கிறது என்பது. அகலம் கூடும்போது கூடுதலாக ஒரு நல்ல தமனி உள்ளே வந்தால்தான் பலன். முகத்தில் மட்டும் இந்தக் கணக்கு தாராளமாகத் தளர்கிறது. அங்கே தோலடி வலை அவ்வளவு செழிப்பு.

படி 5: உங்கள் உடம்பில் தொட்டுக் குறியுங்கள்

தாடையைக் கடித்து இறுக்கினால் மெல்லும் தசை கெட்டியாகும். அதன் முன்விளிம்பு தாடையெலும்பைச் சந்திக்கும் இடத்தில் விரலை வையுங்கள், முகத்தமனி துடிக்கும். காதுக்கு முன்னால், கன்ன எலும்பு வளைவின் மேல், நெற்றிப்பொட்டுத் தமனி துடிக்கும். புருவத்தின் உட்பக்க முனைக்கு அருகில் நெற்றிக்கு ஏறும் சிறிய தமனியை விரலால் உணர்வது கடினம். ரத்த ஓட்டத்தை ஓசையாக்கும் கையடக்க டாப்ளர் கருவியில் கேட்கலாம். இந்தச் சிறிய தமனியை நம்பித்தான் இந்தியாவில் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைத்தார்கள். அந்த முறை பற்றிய கடிதம் 1794-இல் லண்டன் இதழ் ஒன்றில் வெளியான பிறகே ஐரோப்பிய மருத்துவர்கள் அதைக் கற்றார்கள். நெற்றியின் உச்சி வரை தூக்கிய தோல், ஒரு விரல் அகலத் தண்டில் பிழைத்துக்கொள்வதற்கு அந்த ஒரு தமனியே போதும். இவ்வளவு துல்லியமான அறிவு நம் நாட்டில் கைமரபாகவே இருந்தது என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

தலைத்தோலுக்குப் பக்கத்துக்கு ஐந்து தமனிகள். அவை அடர்ந்த நார்த்திசுவில் பதிந்திருப்பதால் வெட்டுப்பட்டால் சுருங்கி மூடிக்கொள்ள முடியாது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருசக்கர வாகன விபத்தில் அடிபட்டு வருபவரின் தலையிலிருந்து அவ்வளவு ரத்தம் வழிவது இதனால்தான். சுத்தமான துணியை வைத்து, மண்டையோடு சேர்த்து விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும். எலும்பு முறிந்து உள்ளே அழுந்தியிருப்பதாகத் தெரிந்தால் மட்டும் அந்த இடத்தின் மேல் அழுத்தாமல் ஓரங்களில் அழுத்த வேண்டும்.

தொடையின் முன்–வெளிப்புறத்தில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளிப்புற மேல்மூலைக்கு ஒரு கோடு போடுங்கள். அதன் நடுப்புள்ளியைச் சுற்றி 3 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அந்த வட்டத்துக்குள், குறிப்பாகக் கீழ்–வெளிக் கால்பாகத்தில், துளைத்தமனி கிடைக்க வாய்ப்பு அதிகம். 8 மெகாஹெர்ட்ஸ் டாப்ளரை அழுத்தாமல், ஜெல் தாராளமாக வைத்து, மெதுவாக நகர்த்துங்கள். அழுத்தினால் நாளம் மூடி ஓசை போய்விடும். சீனாவில் சாங் குழுவினர் 1984-இல் விவரித்த இந்தத் தொடைத் தோல்தான் இன்று வாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கன்னத்தையும் நாக்கையும் அமைக்கப் பல மையங்களில் பயன்படுகிறது.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசை இல்லை. அங்கே தோல் கிழிந்து எலும்புறையும் போய்விட்டால், வெற்றெலும்பின் மேல் ஒட்டு பிடிக்காது. நாளத்தோடு கூடிய தோலையோ தசையையோ கொண்டுவர வேண்டும். பின்கால் தமனியின் துளைக்கிளைகள் அந்த எலும்பின் உள்விளிம்பை ஒட்டியும், வெளிப்பக்கத் தமனியின் கிளைகள் மெல்லிய எலும்பை ஒட்டியும் வரிசையாக வெளிவருகின்றன.

படி 6: சிரைகளை விட்டுவிடாதீர்கள்

மாணவர்கள் தமனியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் நாளத்தோடு தூக்கித் தைத்த தோல் பல நேரம் சாவது ரத்தம் வராததால் அல்ல, வந்த ரத்தம் வெளியேறாததால். தோலின் சிரைகள் இரண்டு வழியாகத் திரும்புகின்றன: துளைத்தமனியோடு சேர்ந்து ஆழத்துக்கு இறங்கும் துணைச்சிரைகள் ஒன்று, கொழுப்பில் தனியே ஓடும் மேற்சிரைகள் மற்றொன்று.

வார்டில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் இதை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். தோல் வெளுத்து, குளிர்ந்து, தளர்ந்து, அழுத்தி விட்டால் நிறம் திரும்பத் தாமதமானால் தமனியில் தடை. ஊதா கலந்து, வீங்கி, விரைத்து, அழுத்தி விட்டதும் நிறம் சட்டென்று திரும்பினால் சிரையில் தடை. மருத்துவர் ஊசியால் குத்திப் பார்க்கும்போது கருஞ்சிவப்பு ரத்தம் விரைந்து கொட்டினாலும் சிரைத்தடைதான். நிறம் வேகமாகத் திரும்புவதை நல்ல அறிகுறி என்று நினைத்து விட்டுவிட்டால் காலைக்குள் ஃபிளாப் போய்விடும். சந்தேகம் வந்த நிமிடமே அழைக்க வேண்டும்.

படி 7: வெயிலையும் நரம்பையும் சேர்த்துப் படியுங்கள்

ஓய்வில், மிதமான வெப்பத்தில் தோல் முழுவதற்கும் நிமிடத்துக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிலிட்டர் ரத்தமே போகிறது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். மே மாத வேலூரில் வெயிலில் உழைப்பவரின் இதயம் தசைக்கும் ரத்தம் அனுப்பியாக வேண்டும், தோலுக்கும் அனுப்பியாக வேண்டும். எழுந்து நின்றதும் மயக்கம் வருவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

விரல் நுனி, உள்ளங்கை, உள்ளங்கால், காது, மூக்கு, உதடு ஆகியவற்றில் தந்துகியைத் தாண்டித் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்கு வழிகள் உள்ளன. பரிவு நரம்பின் கட்டளையில் அவை திறக்கும், மூடும். சர்க்கரை நோயில் அந்த நரம்பு பழுதானால் குறுக்கு வழிகள் திறந்தே கிடக்கும். பாதம் வெதுவெதுப்பாக, சிரைகள் புடைத்து, நலமாக இருப்பது போலவே தோன்றும். தந்துகிக்குப் போக வேண்டிய ரத்தம் போகாமலே இருக்கலாம். நிக்கோட்டின் தோல் நாளங்களைச் சுருக்குகிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் பீடி கூடாது என்று சொல்வது வெறும் அறிவுரை அல்ல.

படி 8: மாநிறத் தோலில் கையால் படியுங்கள்

அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சிவக்கும் என்று எழுதியிருக்கும் நூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் மக்களின் தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகும். அதனால் நிறம் பார்க்க நகத்தடி, உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உட்புறம் ஆகிய இடங்களுக்குப் போங்கள். நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். நலமாக உள்ள வளர்ந்தவருக்குச் சுமார் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கை குளிர்ந்திருந்தாலும் வயது கூடியிருந்தாலும் சற்றுத் தாமதமாகும்.

படுக்கையில் இருப்பவரின் இடுப்பின் பின்பக்க எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகியவற்றை நாள்தோறும் தொட்டுப் பாருங்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே முதலில் நசுங்குவது ஆழத்திலுள்ள கொழுப்பும் தசையும், அவற்றின் வழியே வரும் துளைத்தமனிகளும். மேலே தோல் கிழியாமலிருந்தாலும் அடியில் அழுகல் தொடங்கியிருக்கலாம். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிராகவோ, கெட்டியாகவோ சேறு போலக் குழைந்தோ, கருத்தோ ஊதாவாகவோ இருந்தால் அந்த இடத்தில் இனி எடை படக் கூடாது. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். மிகவும் மெலிந்தவருக்கு இன்னும் அடிக்கடி தேவைப்படலாம். குதிகாலை மட்டும் மெத்தையில் படாமல், கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் தலையணை வைத்துத் தூக்கிவிடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது நசுங்கிய நாளங்களுக்கு மேலும் கேடு.

உணர்ச்சி இழந்த பாதத்துக்கும் கைதான் கருவி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்து தொழுநோயாளிகளுக்காக உழைத்த பால் பிராண்ட், புண் தோன்றுவதற்கு முன்பே அந்த இடம் சூடேறுவதைத் தொட்டுக் கண்டுபிடிக்கக் கற்பித்தார். அடிபட்ட திசுவுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதுதான் அந்தச் சூடு. மாலையில் செருப்பைக் கழற்றிச் சற்று நேரம் ஓய்ந்த பிறகு, புறங்கையால் இரண்டு பாதங்களையும் இடத்துக்கு இடம் ஒப்பிட்டுப் பாருங்கள். வெப்பமானி இருந்தால், ஒரே இடத்தில் இரு பாதங்களுக்கும் இடையே ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு அடுத்தடுத்த நாட்களிலும் நீடிக்கிறதா என்று கவனியுங்கள். நீடித்தால் அந்தக் காலை ஊன்றி நடப்பதைக் குறைத்து, செருப்பின் அடியில் ஆணியோ மடிப்போ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புண் வரும்வரை காத்திராமல் பாத மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். மாறாக ஒரு பாதம் மட்டும் குளிர்ந்து, கணுக்காலின் உட்புறத்திலும் பாதத்தின் மேலும் துடிப்பு கிடைக்கவில்லை என்றால் தமனி அடைபட்டிருக்கலாம். அதோடு வலி, வெளுப்பு, மரத்துப்போதல் திடீரென்று சேர்ந்து வந்தால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.